பழைய ஸ்பீக்கருக்கு ஒத்த பாகம் போதும், உசந்த பாகம் வேண்டாம்

முப்பது நாற்பது வருடம் ஒரு வீட்டில் பாடிய ஸ்பீக்கர் ஜோடியை ஒரு நாள் “போயிடுச்சு” என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தால் உண்மையில் போனது கொஞ்சம்தான். வூஃபரின் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பொடிந்திருக்கும். தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். சில மாடல்களில் ட்வீட்டருக்குள் விட்டிருந்த காந்தத் திரவம் இறுகியிருக்கும். ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் களிம்பு ஏறியிருக்கும். மற்றபடி காந்தம், இரும்புச் சட்டம், காயில், கோன், செம்புச் சுருள்கள், பெட்டி எல்லாம் பெரும்பாலும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஃபெரைட் காந்தம் வீட்டு உபயோகத்தில் வலுவிழப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். இதுவரைக்கும் பழைய ஆடியோவில் ஆர்வமுள்ள எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். போன பாகத்தின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி வரும்போதுதான் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிகிறோம்.

என் தரப்பு இது. தேய்ந்த பாகம் புதிதாக இருந்தபோது எப்படி நடந்துகொண்டதோ, அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். “இவ்வளவு செலவு பண்றோம், கூடவே கொஞ்சம் நல்லதா போட்டுடலாமே” என்ற எண்ணம் வந்த இடத்தில் கை நிற்க வேண்டும். விலை கூடிய பாகம், தடித்த பாகம், நீடித்து உழைக்கும் பாகம் எல்லாம் தனியாகப் பார்த்தால் மேலானவையாக இருக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் என்பது ஒன்றை ஒன்று கணக்கில் வைத்து அமைக்கப்பட்ட பாகங்களின் தொகுப்பு. அதில் ஒன்றை மட்டும் தூக்கி உயர்த்தினால் மற்றவை எல்லாம் அதற்கு ஏற்றபடி மாறிக்கொள்ளாது. காலம் கெடுக்காமல் விட்ட ஸ்பீக்கரை நல்லெண்ணத்தோடு செய்த அப்கிரேட் கெடுத்துவிடும்.

இதற்கு இருப்பதிலேயே நல்ல சாட்சி பிபிசியிடமிருந்து வருகிறது. 1970களின் தொடக்கத்தில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளில் வைப்பதற்காகச் சுமார் ஐந்து லிட்டர் கொள்ளளவில் ஒரு சின்னக் கண்காணிப்பு ஸ்பீக்கரை அவர்களுடைய பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். எல்எஸ்3/5 என்று பெயர். கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் அதில் இருந்தன. முதல் தொகுதி நன்றாக அமைந்தது. அடுத்து இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று யூனிட்டுகளை வரவழைத்தபோது, இரண்டுமே முன்பு வந்தவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. உற்பத்தியில் ஏதோ மாறியிருந்தது. அதே நிறுவனம், அதே மாடல் எண், ஆனால் நடத்தை வேறு. விளைவாக கிராஸ்ஓவரையே திரும்ப வடிவமைக்க வேண்டிவந்தது. அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்கத் தேடி வாங்கப்படும் எல்எஸ்3/5ஏ. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் 1976இல் எழுதிய பிபிசி ஆய்வறிக்கையில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. பெட்டியின் உள்மூலைச் சட்டங்களுக்கு பீச் மரத்துக்குப் பதிலாக வேறு மரத்தைப் போட்டபோதுகூட ஒலியில் நிறம் ஏறியது என்பது அதே ஸ்பீக்கரின் வரலாற்றில் உள்ள செய்தி. பிறகு 1980களின் பிற்பகுதியில் பி110 மறுபடி விலகிப்போனதால் கிராஸ்ஓவர் இன்னொரு முறை மாறியது. 15 ஓம் ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. புது யூனிட்டுகள் மோசமானவை என்று யாரும் சொல்லவில்லை. வேறாக இருந்தன, அவ்வளவுதான். அந்த வேறுபாடே வடிவமைப்பைத் திரும்ப எழுதவைக்கப் போதுமானதாக இருந்தது.

ஏன் இப்படி? ஒரு வூஃபர் தாழ்ந்த சுரங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவுசெய்பவை சில அளவுகள்: அசையும் பகுதியின் எடை, அதைத் தாங்கும் வளையமும், காயிலை நடுவில் நிறுத்தும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் எவ்வளவு விறைப்பு, காயிலும் காந்தமும் சேர்ந்து கொடுக்கும் உந்துவிசை, பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் முற்பாதியில் எழுதிய தொடர் கட்டுரைகளும் இவற்றைக் கணக்காக்கித் தந்தன. இன்றுவரை ஸ்பீக்கர் வடிவமைக்கும் எவரும் அந்த இருவர் பெயரில் வழங்கும் எண்களை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். நாம் மாற்றும் ஃபோம் வளையம் இந்த எண்களில் இரண்டை, எடையையும் விறைப்பையும், நேரடியாகத் தொடுகிறது. கெப்பாசிட்டர் கிராஸ்ஓவரின் எண்களைத் தொடுகிறது. கையில் ஸ்க்ரூடிரைவரும் பசையும் மட்டும் இருந்தாலும், செய்வது வடிவமைப்புக்குள் கைவைக்கும் வேலைதான்.

ஃபோம் வளையத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் முதலில் போவது அதுதான். எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, கோனைத் திரும்ப இழுக்கும் வேலையை விறைப்பான வளையத்திடமிருந்து பிடுங்கி, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்தார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது அதனால்தான். அதற்கு வளையம் மிக மிக மென்மையாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் பசை பூசிய துணி அந்த வேலையைச் செய்தது. 1970களில் பாலியூரிதேன் ஃபோம் எங்கும் பரவியது. லேசானது, மென்மையானது, விலை குறைந்தது, விளிம்பில் எழும் அலைகளை நன்றாக உறிஞ்சுவது. பாலியெஸ்டர் வகை பாலியூரிதேனுக்குப் பெரிய பகைவன் காற்றிலுள்ள ஈரம். நீர் மூலக்கூறு அதன் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கிறது. அறுபட்ட இடத்தில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதைத் துரிதப்படுத்துகிறது. அதனால்தான் பல வருடம் ஒன்றும் ஆகாதது போலிருந்துவிட்டு, பிறகு சடசடவென்று உதிர்கிறது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வருடம் என்பது வழக்கமான ஆயுள். ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாக இருக்கும் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அந்த உச்சவரம்பை நம்பக் கூடாது. இதற்கு ஸ்பீக்கர் பாட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தாலும் ஃபோம் அழுகும். ஆகவே “அந்தக் காலத்து ஒரிஜினல் ஃபோம், பிரிக்காத பாக்கெட்” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். (1970இல் வந்த ஜேபிஎல் எல்100இன் சதுரம் சதுரமாக எழுந்து நிற்கும் அந்த அழகான ஃபோம் முகப்பும் இதே நோயில்தான் உதிர்ந்தது.)

சரி, அழுகாத ரப்பர் வளையத்தைப் போட்டுவிட்டால் பிரச்சினையே தீர்ந்ததே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ரப்பர் ஃபோமைவிடக் கனம். அசையும் பகுதியின் மொத்த எடை 10 விழுக்காடு கூடினால் ஒத்ததிர்வு அதிர்வெண் 5 விழுக்காடு அளவு இறங்கும், நடு ஒலியில் வூஃபரின் சத்தம் சுமார் 0.8 டெசிபல் குறையும். 20 விழுக்காடு கூடினால் கிட்டத்தட்ட 1.6 டெசிபல். ட்வீட்டர் பழைய சத்தத்திலேயே பாடிக்கொண்டிருக்க வூஃபர் மட்டும் ஒன்றரை டெசிபல் கீழே போனால், குரலின் கனம் குறைந்து மேல்சுரங்கள் துருத்திக்கொண்டு தெரியும். பிறகு “ரப்பர் போட்ட பிறகு சவுண்ட் மெலிஞ்ச மாதிரி இருக்கு” என்று புகார் வரும். விறைப்புக்கு வேறு கணக்கு. வில்ச்சரின் வகையில், பெட்டிக் காற்றின் விறைப்பு வளையம், ஸ்பைடர் இவற்றின் விறைப்பைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். புது வளையத்தால் தாங்கும் பகுதியின் விறைப்பு பாதியளவு கூடிவிட்டால் மொத்த விறைப்பு 6 பங்கிலிருந்து 6.5 பங்காகும், பெட்டிக்குள் ஒத்ததிர்வு 4 விழுக்காடுதான் ஏறும். காதில் பெரிதாகத் தெரியாது. அதே வூஃபரை வெளியே எடுத்து அளந்தால் 22 விழுக்காடு ஏறியிருக்கும். துளை வைத்த பெட்டிகளில் காற்றின் பங்கு இந்த அளவுக்குத் தாங்கிப்பிடிக்காது. துளையின் நீளமும் அகலமும் வூஃபரின் பழைய எண்ணுக்கு ஏற்றபடி வெட்டப்பட்டவை, அங்கே இந்த விலகல் நேரே பேஸில் தெரியும். எனவே ஏஆர், அட்வென்ட் போன்ற மூடிய பெட்டி ஸ்பீக்கர்கள் ஃபோம் மாற்றத்தை மன்னிக்கும், துளைப்பெட்டிகள் அவ்வளவாக மன்னிக்காது. இரண்டிலும் எடை கூடக் கூடாது. ரப்பரோடு பிறந்த வூஃபருக்கு ரப்பர், ஃபோமோடு பிறந்ததற்கு ஃபோம். இன்னொரு பதினைந்து இருபது வருடத்தில் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் எங்கே கவனம் வேண்டும் என்பது புரியும். சட்டத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் அட்டை வளையத்தை மெல்லிய கத்தியால் உடையாமல் நெம்பி எடுத்து வைக்க வேண்டும். அது திரும்பத் தேவைப்படும். பழைய ஃபோம் விரலில் தார் மாதிரி ஒட்டும். சட்டத்தில் இருப்பதைச் சுரண்டலாம். கோனின் விளிம்பில் இருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து உருட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் காகிதத்தின் மேல்தோலும் கூடவே வரும். புது வளையத்தை முதலில் கோனோடு ஒட்டிக் காயவிட வேண்டும், சட்டத்தோடு ஒட்டுவது பிறகு. பசை காய்ந்த பின்னும் வளைய வேண்டும். மரவேலைப் பசை காய்ந்தால் விறைக்கும். நெடியடிக்கும் ரப்பர் பசை தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய விடாது. ஃபோம் ஒட்டுவதற்கென்றே வரும் வெள்ளைப் பசை சில நிமிடம் இடம்கொடுக்கும், அந்தச் சில நிமிடத்தில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. காயில் காந்த இடுக்கில் நேர் நடுவே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். கோனின் நடுவிலுள்ள மூடியைக் கழற்றிக் காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி நடுவில் நிறுத்துவது ஒரு வழி. மூடியைத் தொடாமல், ஆம்ப்ளிஃபையரில் 30 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ்ந்த சுரத்தை மெல்ல ஓடவிட்டு, பசை இறுகும்வரை வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, உரசல் சத்தம் நின்ற இடத்தில் விடுவது இன்னொரு வழி. எதிரெதிரே இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துக் கோனைச் சமமாக அழுத்தினால் சத்தமே வரக் கூடாது. “சரக்” என்று மெல்லக் கேட்டாலும் நடு தப்பியிருக்கிறது என்று பொருள். மூடிய பெட்டியில் திரும்ப மாட்டிய பிறகு கோனை மெல்ல உள்ளே தள்ளி விட்டால் அது சாவகாசமாக வெளியே வர வேண்டும். துள்ளி வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது; வூஃபருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் பழைய அடைப்புப் பட்டை இறுகியிருக்கும், அதையும் மாற்றுங்கள்.

நம் ஊர் ரிப்பேர் கடைகளில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வளையம் மட்டும் போன வூஃபரைக் கொண்டுபோனால், “ரீகோன் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்” என்று கோன், காயில், ஸ்பைடர் மூன்றையும் உருவிப்போட்டுவிட்டு, அந்த அளவுக்குப் பொருந்தும் பொதுவான கிட் ஒன்றைப் போட்டுத் தருவார்கள். கைவேலை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். மேடை ஸ்பீக்கருக்கு இது சரியான வைத்தியம். அங்கே எரிந்துபோவது காயில், வேண்டியது சத்தமும் உழைப்பும். வீட்டு ஸ்பீக்கரில் இப்படிச் செய்தால் பெட்டியும் காந்தமும் மட்டும்தான் பழசு, பாடுவது வேறொரு வூஃபர். கோனின் எடை வேறு, காயிலின் சுற்று வேறு, நடு ஒலியில் கோன் வளையும் விதம் வேறு. கிராஸ்ஓவருக்கு இது எதுவும் தெரியாது. ஆகவே கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் வூஃபர் என்றால் சுமார் 5.5இலிருந்து 7 ஓம் வரை காட்டும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண் வந்து, அழுத்தும்போது உரசலும் இல்லை என்றால், காயில் நலமாக இருக்கிறது. “வளையம் மட்டும் மாத்துங்க, கோனைத் தொடாதீங்க” என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்றுதான் கிழிந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். அடுத்தது கிழிய அதிக நாள் ஆகாது, வெவ்வேறு வயது வளையங்கள் ஒரே மாதிரி பாடவும் பாடாது.

கெப்பாசிட்டரில் இதே வாதம் இன்னும் கூர்மையாக நிற்கிறது, ஏனென்றால் அப்கிரேட் ஆசை இங்கேதான் அதிகம். கிராஸ்ஓவரில் இருப்பவை துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளிருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்வதால் இரண்டு மாற்றம் நேர்கிறது: கொள்ளளவு நகர்கிறது, உள்மின்தடை ஏறுகிறது. ட்வீட்டரை 8 ஓம் என்றும் அதற்கு முன் ஒரே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது என்றும் எளிமையாக எடுத்துக்கொண்டால், வெட்டும் இடம் சுமார் 2,000 ஹெர்ட்ஸ். கொள்ளளவு 7 மைக்ரோஃபாரடாகச் சுருங்கினால் அது 2,840 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். நடுவில் இருந்த ஒலி, வூஃபரும் பாடாமல் ட்வீட்டரும் பாடாமல், ஒரு பள்ளமாக நிற்கும். உள்மின்தடை 2 ஓமுக்கு ஏறினால் ட்வீட்டர் கிட்டத்தட்ட 2 டெசிபல் அடங்கும். ஜால்ராவின் கணீர் மங்கும், வீணைத் தந்தியின் மீட்டு முனை மழுங்கும். மாற்ற வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் எதைக் கொண்டு? பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் காய்வதில்லை, உள்மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம், விலை பல மடங்கு. மாட்டியவுடன் “என்ன ஒரு தெளிவு!” என்று வியப்பு வரும். அந்தத் தெளிவில் ஒரு பங்கு, காய்ந்த பாகம் போனதால் வந்தது. இன்னொரு பங்கு, பழைய கெப்பாசிட்டர் புதிதாக இருந்தபோதே அதற்கு இருந்த கொஞ்சம் உள்மின்தடையும் காணாமல் போனதால் வந்தது. வடிவமைத்தவர் அந்தத் தடையோடு சேர்த்துத்தான் ட்வீட்டரின் அளவைக் காதால் கேட்டு, கருவியால் அளந்து நிறுத்தியிருப்பார். 1 ஓம் காணாமல் போனால் ட்வீட்டர் 1 டெசிபல் ஏறிவிடும். முதல் வாரம் அது தெளிவு, மூன்றாம் மாதம் காதுவலி.

ஃபிலிம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டால் கூடவே அரை ஓமோ ஒரு ஓமோ ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடரில் சேருங்கள். அல்லது நல்ல துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக்கையே புதிதாகப் போடுங்கள், செலவும் மிச்சம். வூஃபர் பக்கம் இருக்கும் பெரிய கொள்ளளவுகளுக்கு எலக்ட்ரோலிட்டிக்தான் நடைமுறை. கடையில் துருவமில்லாதது கிடைக்கவில்லை என்றால் துருவமுள்ள இரண்டு 22 மைக்ரோஃபாரட் சாதாரணக் கெப்பாசிட்டர்களின் மைனஸ் கால்களைச் சேர்த்தால் 11 கிடைக்கும். தனியாக ஒரு சாதாரணக் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடவே கூடாது. அளக்கும்போது ஒரு காலையாவது பலகையிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சுருளும் ட்வீட்டரும் கணக்கில் சேர்ந்து பொய்யான எண் காட்டும். செம்புச் சுருள்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு வயதே ஆவதில்லை. வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்கள் பழுப்பேறியிருந்தால் மட்டும் பாருங்கள்.

காந்தத் திரவம், அதாவது ஃபெர்ரோஃப்ளூயிட், 1963இல் நாசாவில் ஸ்டீவ் பேப்பல் ராக்கெட் எரிபொருளுக்காக உருவாக்கிய பொருள். 1970களில் ட்வீட்டர்களுக்குள் வந்தது. காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். இருபது முப்பது வருடத்தில் இது கூழாகி, பிறகு பசையாகிவிடும். ட்வீட்டர் உயிரோடு இருந்தும் முணுமுணுக்கும். பலர் எரிந்துவிட்டது என்று நினைத்து ட்வீட்டரையே மாற்றிவிடுகிறார்கள். டோமைத் தனியாகக் கழற்ற முடிகிற மாடல் என்றால், இடுக்கை உறிஞ்சுதாள் கீற்றுகளால் துடைத்து, புதுத் திரவத்தை ஊசியால் சில துளிகள் விட்டால் போதும். இங்கேயும் அதே விதி: திரவம் பல அடர்த்திகளில் வருகிறது, அடர்த்தி மாறினால் அடக்கும் அளவும் மாறும். திரவமே இல்லாமல் பிறந்த ட்வீட்டருக்கு “சூடு குறையட்டும்” என்று திரவம் விடுவது வேண்டாத வேலை. பழைய ஏஆர் ஸ்பீக்கர்களின் பின்பக்கக் குமிழ்களும் அப்படியே. களிம்பேறி ட்வீட்டரையே ஊமையாக்கிவிடும் அவற்றைத் தூக்கிவிட்டு எல்-பேட் என்ற வேறு வகைக் குமிழைப் போடுவார்கள். எல்-பேட் கிராஸ்ஓவருக்குக் காட்டும் சுமை பழைய குமிழ் காட்டியதிலிருந்து வேறு. ஆகவே முதலில் பிரித்து, கம்பிச் சுற்றைத் தேய்த்துச் சுத்தம்செய்து பாருங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

“எல்லாம் சரி, இந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே” என்பது அடுத்த மறுப்பு. புது ஸ்பீக்கர்களில் நல்லவை இருக்கின்றன, ட்வீட்டர்கள் நிச்சயம் முன்னேறியிருக்கின்றன. ஆனால் பேஸ் விஷயத்தில் இயற்பியல் அன்று இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கேஎல்எச் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான ஹாஃப்மன் சொன்னது இன்றும் செல்லும்: ஆழமான பேஸ், அதிக சத்தத் திறன், சின்னப் பெட்டி, இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பத்து அங்குலக் கோனின் பரப்பு நாலு அங்குலக் கோனைப் போல ஆறேகால் மடங்கு. அதே அளவு காற்றைத் தள்ளச் சின்னது ஆறேகால் மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் ஆம்ப்ளிஃபையரின் பலத்தாலும் டிஜிட்டல் திருத்தத்தாலும் அதைச் சமாளிக்கின்றன; சத்தத்தைக் கூட்டும்போது பேஸைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி உருண்டு எழுவதைக் கனமாகக் கேட்க விரும்புகிறவருக்கு, ஒழுங்காகப் பழுதுபார்த்த பத்து அங்குல வூஃபரின் இடத்தைக் குறைந்த விலையில் நிரப்புவது கடினம். அதற்காக எல்லாப் பழையதும் காப்பாற்றத் தக்கது என்று சொல்ல மாட்டேன். ஈரத்தில் ஊதிப்போன துகள்பலகைப் பெட்டி, 1990களின் பிளாஸ்டிக் முகப்பு மினி சிஸ்டம் ஸ்பீக்கர், உப்புக் காற்றில் காந்த இடுக்கே துருவேறிச் செதில் எழுந்த வூஃபர் இவற்றின் மேல் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

“எனக்கு நல்லாத்தானே கேக்குது” என்பவருக்கும் ஒரு பதில் உண்டு. கெப்பாசிட்டர் ஒரே நாளில் போவதில்லை; இரண்டு பக்கமும் சேர்ந்து, வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. காது கூடவே இறங்கிப் பழகிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, ஒரு பக்கத்தை மட்டும் முதலில் சரிசெய்துவிட்டு, மோனோவில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்பது. வேறுபாடு இல்லையென்றால் மறுபக்கத்தைத் தொட வேண்டியதில்லை, காசு மிச்சம். வேறுபாடு இருந்தால், அது சரியான திசையில் இருக்கிறதா, அல்லது ட்வீட்டர் அளவுக்கு மீறி ஏறிவிட்டதா என்பதும் அப்போதே தெரியும். ஃபோனில் கிடைக்கும் அதிர்வெண் அளவிடும் செயலிகூட இந்த ஒப்பீட்டுக்குப் போதும், ஏனென்றால் நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே.

இந்த வாதம் நின்றுபோகும் ஓர் இடம் இருக்கிறது. ட்வீட்டரின் காயில் எரிந்துவிட்டது, அந்த மாடல் எங்கும் இல்லை, அதே மாடலின் இன்னொரு உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுக்கவும் வழியில்லை. அப்போது ஒத்த பாகம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அளவும் துளைகளும் பொருந்துகிற வேறொரு ட்வீட்டரை இரண்டு பக்கமும் மாட்டி, அதற்கேற்ப கிராஸ்ஓவரை அளந்து புதிதாக அமைப்பதுதான் ஒரே வழி. பிபிசிக்காரர்கள் செய்ததும் அதைத்தான். கிடைப்பது நல்ல ஸ்பீக்கராகவே இருக்கலாம். ஆனால் பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு, எந்த மதிப்பு இருந்தது, எது எப்போது மாறியது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் வடிவமைத்தவரின் கணக்கு எது, நம்முடைய கணக்கு எது என்று பிரித்தறிய அது வேண்டும். என்றைக்காவது பழைய ட்வீட்டர் கிடைத்தால் திரும்பிப் போகவும் அதுதான் வழி.